அம்மா ஏறினால் மட்டும் வரும் கோளாறு

"சிரிக்காதீங்ணா. எங்கம்மா முன்சீட்டுல ஏறுனாத்தான் இது வருது."

சிரிக்காதீங்க என்று வண்டிக்காரர் சொல்லியும் சிரித்தேன். என் உதவிப் பையனும் சேர்ந்து சிரித்தான். கோவை கணபதியில் பட்டறை போட்டு 25 வருடத்துக்கு மேல் ஆகிறது. கார் எலெக்ட்ரிக்கலில் இதைவிட வினோதமான புகார்களையெல்லாம் கேட்டாகிவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை செல்ஃப் அடிக்காத வண்டி, மாமனார் வீட்டு வாசலில் மட்டும் ஆரன் அடிக்கும் வண்டி என்று ஒரு பட்டியலே உண்டு. அதனால் இந்த மாதிரிப் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடப் பழகியிருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டரை நாள் வேலையை வைத்தது.

வண்டி ஒரு டீசல் ஹேட்ச்பேக். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், கோளாறுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மீட்டரில் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி எல்லா விளக்கும் எரியுமாம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது), ஏர்பேக், ஸ்டியரிங், எஞ்சின், ஒன்று பாக்கியில்லை. 60-ல் நின்ற ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று சுழிக்கு விழும். ஸ்டியரிங் அம்மிக்கல்லாகக் கனக்கும். எஞ்சின் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாததுபோல ஓடிக்கொண்டே இருக்கும். சில நொடியிலோ சில நிமிடத்திலோ எல்லாம் தானாக அடங்கிவிடும். ஒரே ஒரு தடவை, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பியபோது, சாவியை வண்டி அடையாளம் கண்டதா என்று காட்டும் விளக்கு மினுக்மினுக்கென்று கண்ணடித்ததே தவிர வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

எனக்கு முன்பே இரண்டு பட்டறை ஏறி இறங்கியாகிவிட்டது. முதல் இடத்தில் வண்டிக் கம்ப்யூட்டர்களைப் படிக்கிற ஸ்கேனர் போட்டிருக்கிறார்கள், 'ஏபிஎஸ் தொடர்பு இல்லை' என்று வந்திருக்கிறது. உடனே வேறு வண்டியில் கழற்றிய ஏபிஎஸ் யூனிட்டை வாங்கி மாட்டி 18,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கோளாறு போகவில்லை. இரண்டாவது இடத்தில் 'எஞ்சின் தொடர்பு இல்லை' என்பதைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மை மாற்ற வேண்டும், 60,000 ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் தனியார் மில்லில் கணக்கு எழுதுகிறவர். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு பட்டறையையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்தான். சில வருடம் முன்பு ஒரு பெரிய வண்டியில் இதேபோல ஊர்ப்பட்ட கோட், அதாவது கோளாறு எண்கள் வந்தது, பாடி கண்ட்ரோல் மாட்யூல் (விளக்கு, பூட்டு மாதிரி வேலைகளைப் பார்க்கும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்று சத்தியம் செய்து புதிதாக வாங்க வைத்தேன். மாட்டியும் சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால் கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையின் போல்ட் லூசு. அதை மாட்டியது 13 நம்பர் ஸ்பேனர், அரை நிமிட வேலை. மாட்யூலில் பாதிப் பணத்தை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து மாட்யூல் மேல் பழி போடுவதற்கு முன்னால் கை நடுங்கும்.

இந்த நடுக்கம் எதற்கு என்று புரிய, இப்போதைய வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் தொழில் கற்றது அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும். ஒரு விளக்குக்கு ஒரு கம்பி, ஒரு சுவிட்சுக்கு ஒரு கம்பி. ஸ்பீடோமீட்டருக்குக் கம்பிகூட இல்லை, கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே வரும். கையில் டெஸ்ட் லேம்ப் இருந்தால் போதும், கரண்ட் வருகிறதா வரவில்லையா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். அப்புறம் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று வந்தது. ஒவ்வொன்றும் மற்றதிடம் விஷயம் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் வண்டி எடையில் கணிசமான பங்கு செம்பாகவே இருக்கும். ஜெர்மனியில் பாஷ் கம்பெனிக்காரர்கள் 1983-ல் இதற்கு வழி தேட ஆரம்பித்து, 1986-ல் டெட்ராய்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் 'கேன்' என்கிற பேச்சு முறையை வெளியிட்டார்கள். 1991-ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் அது ஓடியது. இன்று நம் ஊர் சின்ன காரிலும் அதுதான்.

இரண்டே கம்பி. கேன் ஹை, கேன் லோ. இரண்டையும் கயிறு திரிப்பதுபோல முறுக்கி விட்டிருப்பார்கள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் இரண்டரை வோல்ட். பேசும்போது ஹை மூன்றரைக்கு ஏறும், லோ ஒன்றரைக்கு இறங்கும். கேட்கிறவர்கள் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். ஆல்டர்நேட்டரிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ மின் இரைச்சல் வந்து தாக்கினால், முறுக்கி ஒட்டிக் கிடப்பதால் இரண்டு கம்பியையும் ஒரே மாதிரி தாக்கும். இரண்டும் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கினால் வித்தியாசம் மாறாது, பேச்சும் கெடாது. இந்த முறுக்கின் அருமை தெரியாமல் ஜாயின்ட் போடுவதற்காக அரை முழத்துக்குப் பிரித்து விடுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அந்த இரண்டு கம்பியில் எல்லா மாட்யூலும் தொற்றிக்கொண்டிருக்கும். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்டோரா போடுகிற மாதிரிதான். ஏபிஎஸ் யூனிட் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் அளந்து ஊருக்கே சொல்லும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மீட்டர் எடுத்து முள்ளை நகர்த்தும். ஸ்டியரிங் எடுத்து எவ்வளவு இலகுவாக இருக்கலாம் என்று முடிவு செய்யும். எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். ஆக, ஏபிஎஸ் குரல் கேட்காமல் போனால் முள் விழும், ஸ்டியரிங் கனக்கும். நம் வண்டியில் நடந்தது அதுதான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தால் யாருடைய செய்தியின் எண் சிறியதோ அவர் பேச்சு தொடரும், மற்றவர் அந்தக் கணமே வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார், சண்டை இல்லை. தப்பாகப் பேசுகிறவருக்கு அவருக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடும். ஒவ்வொரு தப்புக்கும் 8 ஏறும், ஒழுங்காகப் பேசினால் 1 இறங்கும், 255-ஐத் தாண்டினால் தானே வெளியேறிவிட வேண்டும். நம் பஞ்சாயத்துக் கூட்டங்களுக்கு இந்த விதியைக் கொண்டுவரலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

சரி, கோட் விஷயத்துக்கு வருவோம். யூ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் கோட் எல்லாமே பேச்சுவார்த்தைக் கோளாறுகள். யூ 0100 என்றால் எஞ்சின் ஈசிஎம்மோடு தொடர்பு போச்சு. யூ 0121 என்றால் ஏபிஎஸ்ஸோடு. யூ 0131 பவர் ஸ்டியரிங், யூ 0140 பாடி கண்ட்ரோல், யூ 0155 மீட்டர். இந்தக் கோட்களைப் படிப்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். 'ஏபிஎஸ் தொடர்பு இல்லை' என்று ஏபிஎஸ் சொல்வதில்லை. அது வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள், 'அவர் குரல் ரொம்ப நேரமாகக் கேட்கவில்லை' என்று. அவர் செத்துப் போயிருக்கலாம், தூங்கியிருக்கலாம், அவர் வீட்டுக்குக் கரண்ட் போயிருக்கலாம், அல்லது நடுவில் கதவு சாத்தியிருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் ஆளை மாற்றிவிடுவது என்ன நியாயம்? ஆனால் ஸ்கேனர் திரையில் ஒரே ஒரு பெயர்தான் தெரிகிறது. பெயர் தெரிந்தவன் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

அதனால் என் முறை இதுதான்: ஒரு காகிதம் எடுத்து, யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று எழுதுவேன். அதற்கு எல்லா மாட்யூலையும் திறந்து படிக்கிற ஸ்கேனர் வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற புளூடூத் கட்டை பெரும்பாலும் எஞ்சின் பக்கத்துக் கதையை மட்டும் சொல்லும், பாதிக் கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கும் முன்னால் பேட்டரி. வலுவில்லாத பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் சரிந்து, மாட்யூல்கள் ஒவ்வொன்றாகக் கண் மூடித் திறக்கும், அந்த ஒரு நொடியில் ஆளாளுக்கு யூ கோட் எழுதி வைத்துவிடும். இந்த வண்டியில் பேட்டரி புதுசு. செல்ஃப் அடிக்கும்போதும் 10 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. எர்த் பட்டைகளையும் கழற்றித் தேய்த்து மாட்டினேன். சூடு கண்ட பூனை.

காகிதத்தில் வந்தது இது. மீட்டர், ஸ்டியரிங், ஏர்பேக், பாடி கண்ட்ரோல் நாலும் ஒரே குரலில் எஞ்சினையும் ஏபிஎஸ்ஸையும் காணோம் என்றன. எஞ்சின் ஈசிஎம்மைத் திறந்தால், அது பாடி கண்ட்ரோலையும் மீட்டரையும் ஸ்டியரிங்கையும் காணோம் என்றது. ஏபிஎஸ்ஸும் அதே பாட்டு. ஆனால் எஞ்சின் ஏபிஎஸ்ஸைப் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை. ஏபிஎஸ் எஞ்சினைப் பற்றியும் சொல்லவில்லை. பையனிடம் காகிதத்தைக் கொடுத்து, "என்னடா தெரியுது?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு நிக்கறாங்கண்ணா" என்றான்.

அதேதான். பானெட்டுக்குக் கீழே இருக்கிற எஞ்சினும் ஏபிஎஸ்ஸும் ஒரு கோஷ்டி. உள்ளே இருக்கிற நாலு பேர் இன்னொரு கோஷ்டி. கோஷ்டிக்குள் பேச்சு இருக்கிறது, கோஷ்டிக்கு நடுவேதான் இல்லை. எந்த மாட்யூலும் சாகவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் பாலம் போயிருக்கிறது, அதுவும் அவ்வப்போது போய்விட்டுத் திரும்பி வருகிற பாலம். 18,000 ரூபாயும் 60,000 ரூபாயும் இந்தக் காகிதத்தில் அடிபட்டுப் போயின. பழைய ஏபிஎஸ் யூனிட்டைக் கேட்டு அவர் முதல் பட்டறைக்குப் போனபோது, 'அது குப்பைக்குப் போயிடுச்சு' என்றார்களாம்.

பாலம் எங்கே என்று கண்டுபிடிக்கிறதில்தான் இரண்டு நாள் போனது.

பேட்டரியைக் கழற்றி, மாட்யூல்கள் எல்லாம் தூங்கட்டும் என்று கால் மணி நேரம் விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில், கேன் கம்பி இரண்டும் வருகிற 6-வது பின்னுக்கும் 14-வது பின்னுக்கும் நடுவே ஓம்ஸ், அதாவது மின்தடை பார்த்தேன். 60.3. சரியான அளவு. ஏன் 60 என்று பையன் கேட்டான். கம்பியின் இரண்டு கோடியிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பாழுங்கிணற்றில் குனிந்து கத்தினால் நம் குரல் நமக்கே திரும்பி வந்து அடுத்த வார்த்தையோடு கலந்துவிடுமே, கம்பி முனையிலும் அப்படித்தான் சிக்னல் மோதித் திரும்பும். அது திரும்பாமல் விழுங்குவதற்கு இந்த ரெசிஸ்டர். ஒரு கோடியில் 120, மறு கோடியில் 120, இரண்டும் இணையாக இருப்பதால் மல்டிமீட்டரில் 60. அதற்குப் பதில் 120 காட்டினால் ஒரு கோடி கழன்றுவிட்டது என்று அர்த்தம். சுழிக்குப் பக்கம் காட்டினால் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கிறது, அல்லது ஏதோ ஒரு மாட்யூல் உள்ளே ஷார்ட் ஆகி மொத்தக் கூட்டத்தின் வாயையும் அடைத்து வைத்திருக்கிறது. அப்போது கம்பிகளைச் சேர்க்கிற சொருகியான கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் உயிர் வருகிறது என்று பார்க்க வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை. சில புது வண்டிகளில் ஓபிடி சாக்கெட்டுக்கும் மற்றதுக்கும் நடுவில் கேட்வே மாட்யூல் காவலுக்கு இருக்கும். அதில் சாக்கெட்டில் பார்க்கிற 60, வாசல் வரைக்குமான 60 மட்டும்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. சாவி போட்டு வைத்துக்கொண்டு ஓம்ஸ் பார்ப்பதும் கூடாது, வருகிற எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

பேட்டரியை மாட்டி, சாவி போட்டு வோல்ட் பார்த்தேன். 6-ல் 2.7, 14-ல் 2.3. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதனால் மூன்றரையும் ஒன்றரையும் தெரியாது. இரண்டையும் கூட்டினால் 5-க்குப் பக்கம் வர வேண்டும், வந்தது. சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் வைத்துப் பார்த்தேன். ஹை மேலே, லோ கீழே, குளத்தில் தெரிகிற கோபுர நிழல் மாதிரி அச்சு அசலாக ஒன்றுக்கொன்று தலைகீழ். ஒரு குறையும் இல்லை. கோளாறு வராதபோது வண்டி ஆரோக்கியமாகத்தானே இருக்கும்.

அதனால் ஆட்ட ஆரம்பித்தோம். ஈசிஎம் கப்ளரை ஆட்டினோம், ஏபிஎஸ் கப்ளரை ஆட்டினோம், எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற ஃபயர்வால் தகட்டில் ஹார்னஸ் என்கிற கம்பிக்கட்டு நுழைகிற ரப்பரைச் சுற்றி ஆட்டினோம். எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். கோவையில் எனக்கு வருகிற இந்த மாதிரிக் கேஸ்களில் எலிக்கு ஒரு தனி இடம் உண்டு. புகையிலைக் கட்டு தொங்கவிட்டிருக்கிற பானெட்டுக்குள்ளேயே எலிப் புழுக்கையைப் பார்த்திருக்கிறேன். அடுத்த இடம் வெளியே வாங்கிப் போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கும், எங்கேயோ கம்பியைச் சுரண்டி முறுக்கி விட்ட ஜிபிஎஸ் டிராக்கருக்கும். இந்த வண்டியில் எலியும் இல்லை, டிராக்கரும் இல்லை. நான் மட்டும் ஓட்டிக்கொண்டு சத்தியமங்கலம் ரோட்டில் அன்னூர் வரை போய் வந்தேன். வரவில்லை. மறுநாள் பையனைப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார வைத்துக்கொண்டு அவினாசி வரை போனேன். வரவில்லை. பையன் காலை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கார் சீட்டில் சம்மணம் போடாதே என்று நான்தான் திட்டினேன். பின்னால் யோசித்தால், திட்டியது கேட்டு அவன் காலைத் தொங்கவிட்டிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவருக்குப் போன் செய்து இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றேன். "அம்மாவை வேணா கூட்டீட்டு வரட்டுங்ளாங்ணா?" என்றார். இந்த முறை சிரிப்பு வரவில்லை. அவர் மேற்கொண்டு சொன்னதைக் கேட்ட பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்தம்மா மூன்று மாதமாக வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாராம். நான் ராசியில்லாதவ, நான் ஏறினா வண்டி நிக்குது என்று பொள்ளாச்சியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போய் வருகிறாராம், முட்டி வலியோடு.

"முட்டி வலியா? வண்டியில எப்படி உக்காருவாங்க?" என்று கேட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

"காலை மடக்க முடியாதுங்ணா. சீட்டைப் பின்னால தள்ளிட்டு, ரெண்டு காலையும் நீட்டி, முன்னால அந்தச் சரிவு இருக்குதுல்லங்ணா, அதுல உதைச்ச மாதிரி வெச்சுக்குவாங்க."

போனை வைத்ததும் பேட்டரியைக் கழற்றி, மல்டிமீட்டரை மறுபடி 6-லும் 14-லும் மாட்டி, பையனைப் பார்க்கச் சொல்லிவிட்டு இடது சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். காலை நீட்டி அந்தச் சரிவில் குதிகாலை வைத்து அழுத்தினேன்.

"எழுபத்தி நாலு" என்றான். "தொண்ணூறு. அண்ணா, அப்படியே இருங்க. நூத்தி இருபத்தி ஒண்ணு."

காலை எடுத்தேன். அறுபது.

கால்மிதியை விலக்கினோம். கார்ப்பெட்டின் நுனியைத் தூக்கும்போதே வாசம் வந்துவிட்டது, தண்ணீர் நின்று காய்ந்த வாசம். கார்ப்பெட்டுக்கு அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் அட்டையில் மெல்லிசாக வண்டல். அதற்கும் கீழே, பானெட்டிலிருந்து உள்ளே வரும் ஹார்னஸ் இடது பக்கமாகத் திரும்புகிற இடத்தில், டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் கப்ளர். டேப்பைப் பிரித்துக் கப்ளரைக் கழற்றினால், கேன் கம்பி இரண்டும் வருகிற பின்களில் பச்சைக் களிம்பு. ஒரு பின் பாதி கரைந்து ஊசி மாதிரி நின்றது. செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். என் பாட்டி அவ்வளவு தூரம் போகாமல் புளி போட்டுத் தேய்ப்பாள். இங்கே புளியும் செல்லாது, சித்தாந்தமும் செல்லாது. பின் கரைந்தே போயிருந்தது.

கார்ப்பெட் அடியில் வண்டல் எப்படி வந்தது? வண்டியின் நம்பர் டிஎன் 14, சோழிங்கநல்லூர். முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில், ஒரு சாண் உயரத்துக்குச் சேற்று நிறம் கோடு போட்டிருந்தது. சீட் போல்ட்டுகளில் துரு. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதில் ஒன்று என்று என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வருடம் நடுவில், 'ஒரே ஓனர், சென்னை டாக்டர் வண்டி' என்று சொல்லி இவரிடம் விற்றிருக்கிறார்கள். நன்றாகக் கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனைத் திரவியம் அடித்த வண்டி. களிம்பு உடனே பிடிக்காது. தண்ணீர் பட்ட கப்ளர் வெளியே நன்றாகத்தான் இருக்கும், ஒரு வருடம், ஒன்றரை வருடம் உள்ளே மெதுவாகத் தின்னும். அதுவரைக்கும் ஸ்கேனரில் ஒரு யூ கோட்கூட வராது.

செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்களிடம் நான் இப்போது எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனைக்காரரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரிப்பேர் ஒரு மணி நேர வேலை. அதே கப்ளர் கிடைக்கவில்லை. களிம்பு ஏறிய கம்பியின் உள்ளே எவ்வளவு தூரம் கறுத்திருக்கிறது என்று சுரண்டிச் சுரண்டிப் பார்த்து, பளபளக்கும் செம்பு வருகிற இடம் வரை வெட்டினேன். புதுக் கம்பி சேர்த்து, ஹை ஜாயின்ட்டும் லோ ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, பழையபடி முறுக்கிவிட்டேன். ஹார்னஸைத் தரையிலிருந்து தூக்கி, கால் படாத உயரத்தில் கட்டினேன். அந்தக் கப்ளரில் கேன் இல்லாத மற்றக் கம்பிகளும் இருந்தன, அவற்றையும் விடவில்லை. இன்று கேன் போனது, நாளை ஏர்பேக் போகும். எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் வாங்கினேன். இரண்டு நாள் சும்மா ஆட்டிக்கொண்டிருந்ததற்குப் பணம் கேட்க மனசு வரவில்லை.

மறுபடி ஓம்ஸ் பார்த்தேன், 60.1. நான் உட்கார்ந்து உதைத்தேன். பையன் உட்கார்ந்து குதித்தான். அசையவில்லை. கோட் எல்லாவற்றையும் அழித்தேன். ஆனாலும் வண்டியை அப்படியே கொடுக்க விருப்பமில்லை.

மறுநாள் காலையில் அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தம்மா பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டு, வண்டியை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் வேண்டாமுங்க தம்பி. நீங்க ரெண்டு பேருமே ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார். கறுத்துப்போன கப்ளரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுங்களா?" என்றார். "இதுதானுங்கம்மா. சென்னை மழைத்தண்ணி. உங்க கால் பட்டாத்தான் இது தெரிஞ்சது, இல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றேன்.

சீட்டைப் பின்னால் தள்ளி ஏறி உட்கார்ந்தார். நான் பின்சீட்டில் லேப்டாப்போடு. மகன் ஓட்டினார். பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரி தாண்டும் வரை அந்தம்மா இரண்டு காலையும் சீட்டோரமாகவே ஒடுக்கி வைத்திருந்தார், முட்டி வலித்திருக்கும். "அம்மா, வழக்கம்போல நீட்டுங்க" என்றேன். தயங்கித் தயங்கி நீட்டினார். சரிவில் குதிகாலை வைத்தார். மகன் மீட்டரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார், நான் திரையைப் பார்த்தேன். ஆறு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், முள் 60-ல் நின்றது.

கிணத்துக்கடவு வந்தபோது அந்தம்மா திரும்பாமலேயே கேட்டார். "ஏனுங்க தம்பி, இன்னுங் கொஞ்சம் பலமா அழுத்தட்டுங்களா?"